துயரத்தைக் கேட்டோம்; பாட்டைக் கேட்டோமா?

அமெரிக்காவின் டூல் இசைக்குழு 2001ஆம் ஆண்டு 'லேட்டரலஸ்' என்றொரு பாட்டை வெளியிட்டது. ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடுகிற பாட்டு. புரொகிரசிவ் மெட்டல் என்று அந்த வகைக்குப் பெயர். மெட்டல் இசைக்கே உரிய கனத்த மின்கிட்டாரும் முழங்கும் டிரம்ஸும் அதில் உண்டு. அவற்றுக்கு மேல் அடிக்கடி மாறும் தாளக்கட்டும் நீண்டு கிளைத்துப் போகும் அமைப்பும் உண்டு. அந்தக் குழு இசைத்தட்டின் உறையில் பாடல் வரிகளை அச்சிடவில்லை. ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வரிகளை எண்ணியும் பார்த்தார்கள். பாடகர் மேனார்ட் ஜேம்ஸ் கீனன் ஒரு மூச்சுக்கு எத்தனை ஒலியசை பாடுகிறார் என்று கணக்கிட்டால் 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறி, பிறகு 5, 3 என்று இறங்குகிறது. முந்திய இரண்டு எண்களைக் கூட்ட அடுத்த எண் வரும் பிபனாச்சி வரிசை அது. பல்லவியின் தாளம் 9, 8, 7 என்று மாறுகிறது. 987 என்பதும் அதே வரிசையில் வரும் எண்தான். பாட்டின் பொருளோ, சுருள் சுருளாக விரிந்துகொண்டே போகச் சொல்வது. அந்த எண்களைக் கட்டங்களாக அடுக்கிக் கோடு வரைந்தாலும் விரியும் சுருள்தான் கிடைக்கும். சொல் சொல்வதைக் கணக்கும் செய்கிறது.

இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பேராசிரியர்களும் அல்லர், பத்திரிகை விமர்சகர்களும் அல்லர். ஒரு பாட்டு பிடித்துப்போய், அது ஏன் பிடித்தது என்று தமக்கே விளக்கம் சொல்லிக்கொள்ள விரும்பிய சாதாரண ரசிகர்கள். எந்த வரி எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது, அந்த இடத்தில் டிரம்ஸ் ஏன் ஒரு அடியை விழுங்குகிறது என்று வாதாடுவார்கள். ஒருவர் கேட்டதை மற்றவர் திருத்துவார். இப்படிப்பட்ட காது படைப்பையே மாற்றிவிடவும் வல்லது. ட்ரீம் தியேட்டர் குழு 1992இல் வந்த தனது இசைத்தட்டில் ஒரு பாட்டின் தலைப்போடு 'முதற் பாகம்' என்று விளையாட்டாகச் சேர்த்திருந்தது. இரண்டாம் பாகம் எங்கே என்று ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள். 1999இல் ஒரு முழு இசைத்தட்டே அந்த இரண்டாம் பாகமாக வந்தது. பழைய பாட்டின் வரிகளும் மெட்டுகளும் அதற்குள் ஆங்காங்கே ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒரு கலைஞன் ஒளித்துவைப்பான்.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வாழும் வாசகருக்கு இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மலையகத்தில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்து மலையில் பாடிய பாட்டு, கங்காணியைக் கேலி செய்த பாட்டு, காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று இரண்டு நூற்றாண்டின் பாட்டு இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டுகளுக்கு மேற்சொன்ன வகைக் காது இன்னும் கிடைக்கவில்லை என்பதே என் வாதம். நாம் அவற்றை நீதிமன்றத்தில் கொடுக்கும் சத்தியக் கடதாசியைப் போல் கையாள்கிறோம். மே தின மேடையிலும் தேயிலை தினக் கூட்டத்திலும் பழகிப்போன நாலைந்து பாட்டுகளை யாராவது பாடுவார். அடுத்தவர் ஒலிவாங்கியை வாங்கி, எங்கள் மக்கள் பட்ட துன்பத்தைப் பாருங்கள் என்பார். கூட்டம் பெருமூச்சு விடும். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோதும், அதையொட்டி வந்த கட்டுரைகளிலும் மலர்களிலும் பாட்டுகளுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் இதுவே. துயரத்துக்குச் சாட்சியாகப் பாட்டு வந்து நின்றது. பாட்டாக அது வந்து நிற்கவில்லை.

இதற்குத் தொகுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானவர். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த மக்களை நாடற்றவர்களாக்கியது. தொழிற்சங்க வேலைக்கும் எழுத்துக்கும் நடுவே அவர் தோட்டம் தோட்டமாகப் பாட்டுச் சேர்த்தார்; 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அப்படி உருவானது. அவர் ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா தமிழில் தந்த 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற நெடுங்கவிதை விடியலில் முழங்கும் பறையொலியோடு தொடங்குகிறது. ஆளைப் பிரட்டுக்கு எழுப்பும் தப்பின் ஓசை அது. ஒரு வாழ்க்கையைச் சொல்ல வந்த கவிஞர் முதலில் அதன் தாளத்தைப் பிடித்தார் என்பது கவனிக்க வேண்டிய விடயம். அவருக்குப் பின் சாரல்நாடன் மலையக வாய்மொழி இலக்கியத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். மாத்தளை வடிவேலன் பாரம்பரியக் கலைகளைத் தேடிப் பதிவு செய்தார். இவர்கள் இல்லாவிட்டால் இன்று பேசுவதற்கே ஒன்றும் இருந்திராது. ஆனால் அச்சுப் புத்தகத்தால் சொற்களைத்தான் காப்பாற்ற முடிந்தது. மெட்டு என்ன, எந்த இடத்தில் மூச்சு எடுத்தார்கள், எந்தச் சொல்லை இழுத்தார்கள், தப்பு எங்கே நின்றது என்பவை பெரும்பாலும் அச்சுக்கு வெளியே போய்விட்டன. சொல் மட்டும் மிஞ்சினால் பொருள் மட்டுமே மிஞ்சும். பொருள் மட்டுமே மிஞ்சும்போது, எல்லாப் பாட்டும் ஒரே துயரத்தின் பிரதியாகத் தெரிவதில் வியப்பில்லை.

கங்காணியைப் பற்றிய பாட்டுகளை எடுத்துக்கொள்வோம். அவன் ஆள் கட்டி வந்தவன், கடன் கணக்கு வைத்திருந்தவன், பேர் போடவும் அரைப்பேராக வெட்டவும் வல்லவன். அவனைப் பற்றி மலையில் நின்று பாடும் பெண்ணுக்குக் கேட்போர் இரண்டு பேர்: பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் தோழி ஒருத்தி, சற்றுத் தள்ளி நிற்கும் அவனே மற்றவன். ஒரே பாட்டு இருவர் காதிலும் விழ வேண்டும். ஆனால் இரண்டு விதமாக விழ வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் புகழ்ச்சியின் உடையில் புறப்படுகிறது. அவன் உடுப்பு, அவன் தலைப்பாகை, அவன் கைத்தடி என்று வரிசையாக மெச்சிக்கொண்டே போகும். எதுகை ஒரு சொல்லை எதிர்பார்க்க வைக்கும். அந்த இடத்தில், கடைசிச் சீரில், வேறொரு சொல் வந்து விழும். அதோடு மெச்சியதெல்லாம் கேலியாகத் திரும்பிவிடும். சிரிப்பு வருவதற்குள் அடுத்த அடி தொடங்கிவிடுவதால் யார் சிரித்தது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. இந்தப் பொறியமைப்பைக் கவனிக்காமல் 'கங்காணியின் கொடுமையைக் காட்டும் பாட்டு' என்று ஒரு தலைப்பின் கீழ் போட்டுவிட்டால், கொடுமை தெரியும். அந்தக் கொடுமையின் முன்னால் நின்றுகொண்டு அவ்வளவு துல்லியமாக ஒரு சொல்லைத் தள்ளிவைத்த மூளை தெரியாது. என் பார்வையில் இழப்பு அங்கேதான். உழைத்தவளின் முதுகை நாம் பார்த்துவிட்டோம், அவளுடைய திறமையைப் பார்க்கவில்லை.

காமன் கூத்து இன்னும் பெரிய கட்டடம். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்கி நாட்கணக்கில் நீளும். ரதி, மன்மதன், தூதன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி என்று வேடங்கள் வரும். மன்மதனை ஈசனின் நெற்றிக்கண் எரிக்கும், ரதி புலம்புவாள். தப்புதான் அதன் முதுகெலும்பு. யார் களத்துக்குள் வருகிறார் என்பதை முகம் தெரிவதற்கு முன்னரே அடி சொல்லிவிடும். பாத்திரத்துக்கு ஒரு தாளம், சூழ்நிலைக்கு ஒரு தாளம், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் இடத்தில் ஓர் இடைவெளி என்று எல்லாம் ஏற்பாடாக இருக்கிறது. நீண்ட கதையைத் தாள மாற்றங்களால் பகுதி பிரித்து, முன்பு கேட்ட அடியைப் பின்பு வேறொரு கனத்தோடு திரும்பக் கொண்டுவருவதைத்தான் ட்ரீம் தியேட்டரின் ரசிகர்கள் மேதைமை என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், நியாயமானதுதான். அதே கட்டமைப்பு இங்கே லயத்து முற்றத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவே நடக்கிறது. இன்னும் சொன்னால் அந்தக் கூட்டமே தேர்ந்த ரசிகர் கூட்டம். ரதியாக ஆடுகிறவர் ஓர் அடியைத் தவறவிட்டால் முன்வரிசைக் கிழவிக்குத் தெரியும். போன வருடத்து ரதியோடு இந்த வருடத்து ரதியை ஒப்பிட்டு வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். அந்தப் பேச்சு எங்கும் எழுதப்படுவதில்லை என்பதுதான் குறை. விமர்சனம் இருக்கிறது, அதற்கு ஏடு இல்லை.

பாட்டின் கட்டுமானத்தை அறிந்தே பயன்படுத்தியவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடினார். தாமும் பாட்டுக் கட்டினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அவருடைய பாட்டுகள் 1940இல் புத்தகமாக வந்தன. முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானதும் அதே ஆண்டின் தொடக்கத்தில்தான். மீனாட்சியம்மை புது மெட்டுத் தேடிப் போகவில்லை. மக்களின் காதில் முன்பே குடியிருந்த மெட்டுகளில் புதுச் சொற்களை ஏற்றினார். இது வசதிக்காகச் செய்தது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழகிய மெட்டில் பழகிய சொல்லைக் காது எதிர்பார்க்கும்போது அதன் இடத்தில் சம்பளமும் சட்டமும் வந்து உட்கார்ந்தால், கேட்பவர் இரண்டையும் சேர்த்தே கேட்பார். பழைய பாட்டின் பக்தியோ காதலோ புதுப் பாட்டின் கோபத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். இதை ஆராய வேண்டுமானால் எந்தப் பாட்டு எந்த மெட்டில் என்று தெரிய வேண்டும். வரலாற்றாசிரியர்கள் அவரை முன்னோடிப் பெண் தலைவர் என்று சரியாகவே போற்றுகிறார்கள். பாட்டுக் கட்டியவராக அவரை அளந்து பார்த்த எழுத்து மிகக் குறைவு.

அண்மைக்காலத்தில் ஒரே ஒரு முறை இந்தக் குறை பெரிய அளவில் உடைந்தது. 2021 மார்ச் 7ஆம் தேதி வெளியான 'என்ஜாய் எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணன் தயாரிக்க, தீயும் அறிவும் பாடியது. நிலமில்லாமல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் உழைத்து, பிறகு இந்தியாவுக்குத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்தே பாட்டு பிறந்ததாக அறிவு சொல்லியிருக்கிறார். 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாகவும் 3 இலட்சம் பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுப்பதாகவும் கணக்குப் போட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கின் பேரப்பிள்ளை எழுதிய பாட்டு உலகம் முழுவதும் ஓடியது. அது மெட்டல் அல்லதான். ஆனால் மெட்டல் ரசிகர்கள் செய்யும் வேலையை இந்தப் பாட்டுக்குத் தமிழ் ரசிகர்கள் செய்தார்கள். வரி வரியாகப் பிரித்தார்கள். ஒப்பாரியின் இழுப்பு எங்கே வருகிறது, துள்ளல் எங்கே தொடங்குகிறது, பறவையையும் விலங்கையும் முன்னோரையும் ஏன் ஒரே மூச்சில் அழைக்கிறார்கள் என்று பேசினார்கள். அந்தப் பேச்சின் வழியாகத்தான் சென்னையிலும் டொரோண்டோவிலும் இருந்த எத்தனையோ இளையவர்களுக்குத் தோட்டத்தின் கதை முதன்முதலாகத் தெரிந்தது. மலையகத்தைப் பற்றிய எத்தனையோ அறிக்கைகளால் ஆகாத காரியம் அது. பாட்டு அழகாக இருந்ததால் கேட்டார்கள். உற்றுக் கேட்டதால் வரலாற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்ய முயல்கிறோம்.

அதே பாட்டைச் சுற்றி இன்னொன்றும் நடந்தது. 2021 ஓகஸ்ட் மாத ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. எழுதியவனை விட்டுவிட்டுப் பாட்டைக் கொண்டாடுவதா என்று இயக்குநர் பா. ரஞ்சித் கேட்டார், ரசிகர்களும் கேட்டார்கள். பிறகு அறிவின் படத்தோடு இணைய அட்டை ஒன்று வந்தது. பாட்டை 'மக்களின் குரல்' என்று பொதுவாகப் புகழ்ந்துவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கேள்வி எழாது. குரல் மக்களுடையதென்றால் தனி ஆள் யார் என்று விட்டுவிடலாம். எந்த வரியை யார் எழுதினார், அந்தச் சொல்லை ஏன் அங்கே வைத்தார் என்று கவனித்தவருக்குத்தான் எழுதியவர் காணாமல் போனது கண்ணில் படும். மலையகத்தின் பழைய பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. அவற்றைக் கட்டியவர்கள் கூட்டமாக நின்று கட்டியிருக்க மாட்டார்கள். யாரோ ஒருத்தி ஒரு சொல்லைக் கண்டுபிடித்தாள், மற்றவர்கள் பாடிப் பாடித் தேய்த்தார்கள். 'நாட்டார்' என்ற முத்திரை அந்த ஒருத்தியை அழித்துவிடுகிறது.

இனி மறுப்புகள். மெட்டல் நமக்கு அந்நியமான இரைச்சல், வசதி படைத்த நகரத்துப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, அதைக் கொண்டுவந்து தோட்டத்துப் பாட்டுக்குப் பக்கத்தில் வைப்பதா என்பது முதல் மறுப்பு. வகுப்பைப் பற்றிய பகுதி வரலாற்றுக்கு ஒத்துவராது. மெட்டல் பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் என்ற தொழிற்சாலை நகரில். பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இயந்திரம் அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்தது. இடக்கை வழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை வலக்கை. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பின்னர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியும் வாசித்தார். மெட்டலின் அந்தக் கனத்த, இருண்ட ஒலிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கொழுந்தெடுத்து விரல் கறுத்த மக்களுக்கு இது அந்நியமான கதையா என்ன? அந்த இசை இந்தத் தீவுக்கும் புதிதல்ல. கொழும்பில் ஸ்டிக்மாட்டா, கண்டியில் பரனோய்ட் எர்த்லிங் என்று குழுக்கள் இரண்டு தசாப்தமாக இயங்கியிருக்கின்றன. தாளச் சிக்கலைப் பொறுத்தவரை, ஐந்தையும் ஏழையும் ஒன்பதையும் கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று பெயரிட்டு வைத்திருக்கும் மொழிக்காரரை 9, 8, 7 என்ற தாள மாற்றம் பயமுறுத்தக் கூடாது. அந்தப் பிபனாச்சி எண்களையே, அந்தப் பெயருக்குரிய இத்தாலியர் எழுதுவதற்கு முன்னர், 12ஆம் நூற்றாண்டில் ஹேமச்சந்திரர் குறில் நெடில் அடுக்கும் வழிகளை எண்ணி எழுதிவைத்தார் என்பது கூடுதல் சுவாரசியம். யாப்புதான் அந்தக் கணக்கின் பழைய வீடுகளில் ஒன்று.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ரசிகர்கள் இல்லாததையும் கண்டுபிடிப்பார்கள். எண்ணத் தொடங்கினால் எதிலும் எண் கிடைக்கும். தலைவனுக்குப் பாலாபிஷேகம் செய்யும் ரசிகனிடமிருந்து விமர்சனத்தை எதிர்பார்ப்பது வீண். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். புரொகிரசிவ் மெட்டல் ரசிகர்களிடம் ஒரு நோய் உண்டு: சிக்கலாக இருந்தால் சிறந்தது என்று நினைப்பது. பதினேழு அடித் தாளம் தன்னளவில் ஒன்றுமில்லை. அது எதற்கு என்று தெரியாவிட்டால் வெறும் உடற்பயிற்சி. அளவுக்கு மீறி வாசிப்பதும் நடக்கிறது. டூலின் பாட்டுகளைத் திருப்பி அடுக்கினால் இரகசியச் செய்தி வரும் என்று நம்பியவர்களும் உண்டு. ஆனாலும் அளவுக்கு மீறிய வாசிப்பை இன்னொரு ரசிகர் பாட்டைப் போட்டுக்காட்டி மறுத்துவிடலாம், ஏனென்றால் இருவர் பேச்சும் பாட்டின் மேலேயே நிற்கிறது. நம்முடைய பழக்கமோ குறைவாக வாசிப்பது. 'இது தோட்டத் தொழிலாளியின் துயரத்தைச் சொல்கிறது' என்ற வாக்கியத்தை யாராலும் மறுக்க முடியாது. மறுக்க முடியாததால் அதற்கு மேல் பேசவும் முடியாது. கங்காணிப் பாட்டின் கடைசிச் சீரைப் பற்றி நான் மேலே சொன்னது எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது என்று ஒருவர் பத்துப் பாட்டைக் காட்டி மறுத்தால், அன்றைக்கு நம்மிடம் ஒரு விமர்சனம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மறுப்பை எளிதாகக் கடந்து போக முடியாது. நாளாந்தச் சம்பளம் 1000 ரூபாவாக ஆவதற்கே 2021 வரை ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. காணி உரிமையும் வீடும் இன்னும் பெரும்பாலானோருக்குக் கனவு. மண்சரிவுக்குப் பயந்து லயத்தில் தூங்குகிறவர்களிடம் சீரையும் தளையையும் பேசுவது அவர்கள் காயத்தை அலங்காரப் பொருளாக்குவதல்லவா? தப்பைப் பற்றிப் பேசும்போது இக்கேள்வி இரட்டிப்பாகும். தப்படிக்கும் கடமை எந்தச் சாதியின் மேல் சுமத்தப்பட்டது என்பதும், சாவு வீட்டில் அடித்தவருக்குக் கிடைத்த மரியாதை எவ்வளவு என்பதும் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தாளத்தை வியந்துவிட்டு ஆளைத் தள்ளிவைக்கும் ரசனை ஊரறிந்த பழைய ரசனை. அதைப் புதுப்பிக்கச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கலையை விட்டுவிட்டால் அந்த இழிவு நீங்கிவிடுமா? 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு பறையையும் கானாவையும் மின்கிட்டாரோடு சேர்த்து, சாதியைப் பற்றியே பாடியது. இகழப்பட்ட இசை திறமையாகக் கேட்கப்படும்போது, வாசிப்பவர் கலைஞராகத் தலைநிமிர இடம் உண்டாகிறது. சம்பளப் போராட்டத்தோடும் இதற்குப் பகையில்லை. மீனாட்சியம்மை பாடியது சம்பளத்துக்குத்தான்; ஆனால் நன்றாகப் பாடினார், அதனாலேயே கூட்டம் கூடியது. துன்பத்தை மட்டும் கேட்கிறவர் இரக்கப்படுவார். இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கும். திறமையைக் கேட்கிறவர் சமமாக நின்றுதான் கேட்க முடியும். தோட்டத்து மக்களை ஒரு நிவாரணப் பட்டியலின் பெயர்களாக மற்றவர்கள் பார்ப்பதைப் பற்றி நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். நம் பாட்டுகளை நாமே அந்தப் பட்டியலுக்கு இணைப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் அவர்கள் வேறெப்படிப் பார்ப்பார்கள்?

செய்யக்கூடிய வேலை அப்படியொன்றும் பெரிய செலவு பிடிப்பதல்ல. பாடசாலையில் அழகியல் பாடமாகக் கர்நாடக சங்கீதம் இருக்கிறது, அது இருக்கட்டும். அதே வகுப்பில் தோட்டத்துக் கும்மியின் தாளத்தையும் எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். தமிழ்ப் பாடத்தில் நாட்டார் பாடலுக்கு 'இப்பாடல் உணர்த்தும் வாழ்க்கை நிலை யாது' என்ற கேள்விக்குப் பக்கத்தில் 'கடைசி அடியில் என்ன நடக்கிறது' என்றொரு கேள்வியையும் வைக்கலாம். மற்ற வேலையை இளையவர்களே செய்வார்கள். கொழும்புக் கடைகளில் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் போன் இருக்கிறது; ஒரு பாட்டை நூறு முறை கேட்கும் பொறுமையும் இருக்கிறது. அந்தப் பொறுமையை அவர்களுக்குச் சினிமாப் பாட்டும் ராப்பும் மெட்டலும் ஏற்கனவே பழக்கிக் கொடுத்துவிட்டன. மாசியில் கம்பம் ஊன்றும்போது மஸ்கெலியாவில் ஒருவர், பொகவந்தலாவையில் ஒருவர், தலவாக்கலையில் ஒருவர், புசல்லாவையில் ஒருவர் என்று ரதியின் புலம்பலை முழுதாக, தப்போடு, பதிவு செய்தால் போதும். கூத்து மாஸ்டரிடம் கேட்டு அவருடைய கொப்பியில் உள்ள வரிகளையும் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். நாலு புலம்பலும் ஒன்றாக இருக்காது. எந்தத் தோட்டத்தில் எந்த அடி கூடியிருக்கிறது, எங்கே தாளம் நின்று குரல் மட்டும் போகிறது, எந்த மாஸ்டர் யாரிடம் படித்ததால் அப்படி வந்தது என்று நாலு பேரும் உட்கார்ந்து சண்டை போடட்டும்.